வலது காதுல சத்தமே வரலையா? பேட்டி வீடியோவில் தொலைந்த குரலை மீட்பது எப்படி?

ஆம்பூரில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் ஷூ கம்பெனி பஸ் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஜன்னலோர சீட். வலது காதில் மட்டும் இயர்போன். இடது காது, பக்கத்து சீட் தோழியின் பேச்சுக்கு. மொபைலில் ஒரு வீடியோ வருகிறது. தோல் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பேசுகிறார். வாய் அசைகிறது, கை அசைகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. "நெட் ஸ்லோவா இருக்கோ?" என்று ஒரு நொடி யோசனை. அடுத்த நொடி விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுகிறது.

பெரியவரின் குரல் எங்கேயும் போகவில்லை. இடது பக்க இயர்போனில் தெளிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இயர்போன் மடியில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

வீடியோ எடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் வீட்டில் மொபைல் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார், நன்றாகவே கேட்டது. பேட்டி எடுப்பவர்கள், கல்யாண வீடியோ எடுப்பவர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள் என்று பலரும் மாட்டிக்கொள்ளும் கோளாறு இது. பெரும்பாலும் இரண்டு நிமிட வேலையில் சரியாகிவிடும். ஆனால் காரணம் தெரியாமல் கை வைத்தால், இருக்கிற குரலும் அழிந்துபோகும் ஆபத்து உண்டு.

ஒரு பேட்டி கெட்டால் என்ன நஷ்டம்?

பிரியாணி ரிவ்யூ வீடியோ என்றால் மறுநாள் போய் இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பேட்டிக்கும் அந்த வசதி கிடையாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீள்கிறது இந்தத் தோல் தொழில் பகுதி. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இந்த ஊர்கள் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் இருக்கின்றன. லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட தொழில். அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதையும் இங்கேதான் நடந்தது.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதோடு விஷயம் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுப் பிரச்சினையில் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு ஆகியவை அதில் முக்கியமானவை.

முப்பது வருஷத்துக்கும் மேலான இந்தக் கதையை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் எந்த வருஷம் உப்பானது, எந்த நிலத்தில் நெல் நின்றுபோனது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பேட்டி ஒரு தடவைதான் கிடைக்கும். அதனால்தான் சேனல் கோளாறை "சின்ன டெக்னிக்கல் விஷயம்" என்று தள்ளிவிட முடியாது.

'சேனல்' என்றால் என்ன?

வீடியோ கோப்புக்குள் ஒலி பெரும்பாலும் இரண்டு தனித்தனிப் பாதைகளாக இருக்கும். ஒன்று இடது காதுக்கு, இன்னொன்று வலது காதுக்கு. இதுதான் ஸ்டீரியோ. பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். ஒரே பாதை மட்டும் இருந்தால் அது மோனோ.

ஒரு பக்க ஒயர் அறுந்துபோன இயர்போனில் இளையராஜா பாட்டு கேட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பாடகர் குரல் கேட்கும். ஆனால் வழக்கமாக வரும் கிதாரோ வயலினோ காணாமல் போயிருக்கும். அது மறுபக்கச் சேனலில் இருக்கிறது. பாட்டில் குரலை இரண்டு பக்கமும் சமமாக வைத்திருப்பதால் பாட்டு தப்பித்தது. பேட்டி வீடியோவில் குரலே ஒரு பக்கம் மட்டும் பதிவாகிவிட்டால், மறுபக்கம் மிஞ்சுவது வெறும் மௌனம்.

மொபைல் ஸ்பீக்கர் ஏன் ஏமாற்றுகிறது?

ஒரே ஸ்பீக்கர் உள்ள மொபைல், இரண்டு சேனலையும் கலந்து அந்த ஒன்றிலேயே கொடுத்துவிடும். இடதில் குரல், வலதில் ஒன்றுமில்லை என்றாலும் கலந்த பிறகு குரல் கேட்கும். கோளாறு வெளியே தெரியாது. இயர்போன் மாட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

சில புளூடூத் இயர்பட்கள், ஒன்றை மட்டும் மாட்டியிருந்தால் இரண்டு சேனலையும் தாமாகவே கலந்து தரும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை. ஒயர் இயர்போன் ஒருபோதும் செய்யாது. ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் உள்ளவர்களுக்கோ இது பழக்கமல்ல, வேறு வழியே இல்லாத நிலை. அவர்களுடைய அந்தக் காது, குரல் இல்லாத பக்கமாக இருந்துவிட்டால் வீடியோ மொத்தமும் ஊமைப்படம்தான்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் இருந்தால் போதும். ஆடியோ மெனுவில் 'ஸ்டீரியோ மோட்' என்று இருக்கும். அதில் 'லெஃப்ட்' வைத்து ஒரு தடவை, 'ரைட்' வைத்து ஒரு தடவை கேளுங்கள். வீடியோவின் தொடக்கத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல் நடுவிலும் கடைசியிலும் கொஞ்சம் கேளுங்கள். கீழே உள்ள ஐந்தில் ஒன்று உங்களுடையதாக இருக்கும்.

1. ஒரு பக்கம் குரல், மறுபக்கம் மௌனம்: அதிகம் நடப்பது இதுதான். மோனோ பிளக் உள்ள மைக்கை கேமராவின் ஸ்டீரியோ ஓட்டையில் செருகியிருப்பார்கள். அந்த பிளக்கின் முனை இடது சேனலை மட்டும்தான் தொடும். பெரிய கேமராவில் சேனல் 1-ல் மைக் மாட்டிவிட்டு சேனல் 2-ஐ காலியாக விட்டிருந்தாலும் இதே கதைதான். பிளக்கில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணினால் பாதி உண்மை தெரிந்துவிடும். ஒரு வளையம் என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ, மூன்று என்றால் மொபைலுக்கான பிளக்.

2. இடதில் கேள்வி, வலதில் பதில்: இரண்டு காலர் மைக் உள்ள ஒயர்லெஸ் செட்களில், ஒவ்வொரு மைக்கையும் ஒவ்வொரு சேனலில் தனியாகப் பதியும் வசதி உண்டு. பேட்டி எடுப்பவர் ஒரு பக்கம், பேசுபவர் மறுபக்கம். இது கோளாறே இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

3. இரண்டு பக்கமும் ஒரே குரல், ஒன்று மட்டும் ரொம்ப மெல்லிசாக: இதுவும் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். சில கருவிகள் பாதுகாப்புக்காக இரண்டாவது சேனலில் அதே குரலை வேண்டுமென்றே குறைத்துப் பதிந்து வைக்கும். பேசுபவர் திடீரென்று சத்தம் போட்டு முதல் சேனல் கரகரத்தால், இரண்டாவது சேனல் காப்பாற்றும்.

4. ஒரு பக்கம் காலர் மைக், மறுபக்கம் இரைச்சல்: இரண்டாவது சேனல் கேமராவின் உள் மைக்கில் ஓடியிருக்கும். தோல் ஷாப்புக்குள் எடுத்த வீடியோ என்றால் அந்தப் பக்கம் முழுக்க டிரம் சுற்றும் சத்தம்தான் இருக்கும்.

5. இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது, மொபைல் ஸ்பீக்கரில் குரல் காணோம்: ஐந்தில் மோசமானது இதுதான். காரணம் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும்.

குரல் குரலையே தின்னும் விநோதம்

கல்யாண மண்டபத்தில் வீடியோகிராஃபர், மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு லைன் வாங்கி கேமராவில் செருகுவது வழக்கம். மிக்சரின் எக்ஸ்.எல்.ஆர் கேபிளில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் ஓடும். ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. வழியில் சேரும் இரைச்சலை நீக்குவதற்காக உள்ள ஏற்பாடு அது. அந்த இரண்டு கம்பிகளையும் சாதாரண கன்வெர்ட்டர் வைத்து ஸ்டீரியோ பிளக்கில் இணைத்தால், நேரான குரல் இடது பக்கமும் தலைகீழ்க் குரல் வலது பக்கமும் போய் உட்காரும்.

ஹெட்போனில் கேட்டால் இரண்டு பக்கமும் குரல் இருக்கும். கொஞ்சம் வெறுமையாக, நடுவில் நிற்காமல் காதுகளை விட்டு விலகி நிற்பதுபோல் தோன்றும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் மொபைல் இரண்டையும் கூட்டும்போது என்ன ஆகும்? கூட்டல் 5-ஐயும் கழித்தல் 5-ஐயும் சேர்த்தால் பூஜ்ஜியம். நிக்காஹ் உரையோ தாலி கட்டும் நேரத்து மந்திரமோ மொத்தமாகக் காணாமல் போய்விடும்.

முதல் கோளாறு ஸ்பீக்கரில் ஒளிந்துகொண்டு இயர்போனில் மாட்டும். இது இயர்போனில் ஒளிந்துகொண்டு ஸ்பீக்கரில் மாட்டும். அதனால் ஏதாவது ஒன்றில் மட்டும் கேட்டுப் பார்த்து "ஓகே" சொல்வதில் அர்த்தமே இல்லை.

எடிட்டிங்கில் சரிசெய்வது எப்படி?

எதைத் தொடும் முன்பும் அசல் கோப்பை ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பிறகு தொடங்கலாம். குரல் இடது பக்கம் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கீழே உள்ள வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. வலது பக்கம் இருந்தால் மாற்றிச் செய்யுங்கள்.

டாவின்சி ரிசால்வ்: இலவசப் பதிப்பே போதும். மீடியா பூலில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' திறந்து, 'ஆடியோ' பகுதிக்குப் போங்கள். இடது, வலது இரண்டுக்கும் சேனல் 1-ஐயே தேர்வு செய்யுங்கள். முடிந்தது.

பிரீமியர் புரோ: கிளிப்பை டைம்லைனில் போடும் முன் ரைட் கிளிக் செய்து 'மாடிஃபை', அதில் 'ஆடியோ சேனல்ஸ்'. இரண்டு பக்கத்துக்கும் இடது சேனலையே டிக் செய்யுங்கள். ஏற்கெனவே டைம்லைனில் வெட்டி ஒட்டி முடித்துவிட்டீர்களா? ஆடியோ எஃபெக்ட்ஸில் 'ஃபில் ரைட் வித் லெஃப்ட்' என்று தேடி எடுத்து கிளிப்பின் மேல் போட்டால் போதும்.

ஆடாசிட்டி: எடிட்டிங் சாஃப்ட்வேரில் வழி தெரியாதவர்களுக்கு இந்த இலவச மென்பொருள் உதவும். ஸ்டீரியோ டிராக்கின் மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரியும். காலியாக உள்ளதை அழித்துவிட்டு, குரல் உள்ளதை மட்டும் சேமித்து வீடியோவில் பழைய ஒலிக்குப் பதிலாக வையுங்கள்.

மொபைல்: கைன்மாஸ்டர் போன்ற ஆப்களில் கிளிப்பின் ஒலி அளவுப் பகுதியிலேயே இடது, வலது என்று தனித்தனி ஸ்லைடர்கள் உண்டு. குரல் உள்ள பக்கத்தை நடுவுக்கு நகர்த்தினால் இரண்டு காதிலும் வரும்.

ஐந்தாவது வகைக் கோளாறுக்கும் இதே வைத்தியம்தான். ஒரு சேனலை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் நிரப்பினால், தலைகீழ்க் குரல் வெளியே போய்விடும். வெட்டும் சண்டை முடிந்துவிடும்.

பேட்டியில் ஒரே குரல் இரண்டு பக்கமும் ஒலித்தால் அது உண்மையான ஸ்டீரியோ ஆகாதே என்று சிலர் தயங்குவார்கள். பேச்சுக்கு அது தேவையே இல்லை. குரல் நடுவில் நின்றால்தான் கேட்பவருக்கு நிம்மதி.

இந்த நான்கு தப்பு மட்டும் வேண்டாம்

கேட்காமல் நிரப்பாதீர்கள்: இரண்டாவது வகைப் பேட்டியில், அதாவது கேள்வி ஒரு பக்கமும் பதில் மறுபக்கமும் உள்ளதில், "ரைட் சரியில்ல" என்று இடதை எடுத்து வலதில் நிரப்பினால் என்ன ஆகும்? கேள்விகள் மட்டும் மிஞ்சும். பெரியவரின் பதில்கள் மொத்தமும் அழிந்திருக்கும். இந்த மாதிரிக் கோப்பை இரண்டு மோனோ டிராக்காகப் பிரித்து, இரண்டையும் நடுவில் வைத்து, ஒலி அளவைத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

'மோனோ மிக்ஸ்' பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்: இரண்டு சேனலையும் கலந்து சராசரி எடுக்கும் வசதி அது. ஒரு பக்கம் காலி என்றால், குரல் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். மறுபக்கம் டிரம் சத்தம் இருந்தால் அதுவும் குரலோடு கலந்துவிடும். ஐந்தாவது வகைக் கோளாறு என்றால் குரலே இருக்காது.

பேலன்ஸ் குமிழைத் திருகிப் பயனில்லை: ஸ்டீரியோ கிளிப்பில் அது ஒரு பக்கத்தைக் கூட்டி மறுபக்கத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இடதில் உள்ள குரலைத் தூக்கி வலதில் வைக்காது.

மெல்லிசான சேனலை அழிக்காதீர்கள்: அது பாதுகாப்புச் சேனலாக இருக்கலாம். பேசுபவர் குரல் உடைந்து கத்தும் இடத்தில் முதல் சேனல் கரகரத்திருந்தால், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மெல்லிசான சேனலிலிருந்து எடுத்து, சத்தத்தைக் கூட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

ரெண்டு பக்கமும் காலின்னா?

அப்போதுதான் குரல் உண்மையிலேயே போயிருக்கிறது என்று அர்த்தம். மொபைலுக்கான மூன்று வளைய பிளக் உள்ள காலர் மைக்கை கன்வெர்ட்டர் இல்லாமல் கேமராவில் செருகினால் இப்படி ஆகக்கூடும். காலியான சேனலிலிருந்து எந்த சாஃப்ட்வேராலும் குரலைக் கொண்டுவர முடியாது.

அந்த இடத்தில் வேறு யாராவது மொபைலில் எடுத்தார்களா என்று உடனே விசாரியுங்கள். இரண்டாவது கேமரா, பக்கத்தில் நின்றவரின் மொபைல், வாய்ஸ் ரெக்கார்டர் என எதில் இருந்தாலும் அந்த ஒலியை எடுத்து உதட்டசைவுக்குப் பொருத்திக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வாங்கும்போது வீடியோவாக வாங்காமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் கோப்பு சுருங்கித்தான் வரும்.

குரலைத் தெளிவாக்கும் ஏஐ கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. இரைச்சலில் மூழ்கிய பேச்சை அவை சீராக்கும்போது சொற்களின் ஒலியே மாறிவிடும் வாய்ப்பு உண்டு. விளம்பர வீடியோவுக்குச் சரி. "எந்த வருஷம் கிணறு கெட்டது?" என்ற கேள்விக்கான பதிலில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பதில். அங்கே அசல் ஒலியும், கீழே எழுத்தும் போடுவதே நேர்மையான வழி.

ஆதாரமாகப் பயன்படக்கூடிய வீடியோவா? அசலைத் தொடவே தொடாதீர்கள்

ஆற்றில் நுரை பொங்குவதையோ, தொழிலாளி ஒருவரின் வாக்குமூலத்தையோ எடுத்திருந்தால், அந்த வீடியோ ஒரு நாள் நீதிமன்றம் வரை போகலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்பதற்கான நிபந்தனைகளைச் சொல்கிறது. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடி ஒலியை மாற்றினாலும் அந்தக் கைரேகை மாறிவிடும்.

அதனால் சேனலை நிரப்புவது, சத்தம் கூட்டுவது எல்லாம் நகலில் மட்டும் நடக்கட்டும். மெமரி கார்டில் உள்ளபடியே அசல் கோப்பு, பெயர்கூட மாறாமல் தனியாக இருக்கட்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் அசல் அசல்தான்.

ஷூட்டிங்குக்கு முன் 10 நொடி

எடிட்டிங் மேஜையில் அரை மணி நேரம் போராடுவதை, எடுக்கும் இடத்தில் 10 நொடியில் தவிர்த்துவிடலாம். பேசப்போகிறவரிடம் பேர், ஊர் சொல்லச் சொல்லி ஒரு டெஸ்ட் ரெக்கார்டிங் எடுங்கள். அதே இடத்தில் இரண்டு பக்க இயர்போனும் மாட்டி, திரும்பப் போட்டுக் கேளுங்கள். கேமராவில் ஒலி அளவு காட்டும் இரண்டு பட்டைகளும் அசைகின்றனவா என்று பாருங்கள். ஒயர்லெஸ் மைக் என்றால் சேர்த்துப் பதிகிறதா, பிரித்துப் பதிகிறதா என்று செட்டிங்கைப் பார்த்து ஒரு பேப்பரில் குறித்துவையுங்கள். எடிட் செய்யப்போகிறவர் வேறொருவர் என்றால், அந்தக் குறிப்பு அவருக்கு ரொம்ப உதவும்.

பதிவேற்றும் முன் கடைசியாக மூன்று தடவை கேளுங்கள். இடது இயர்போன் மட்டும் மாட்டி ஒரு தடவை, வலது மட்டும் மாட்டி ஒரு தடவை, மொபைல் ஸ்பீக்கரில் ஒரு தடவை. மூன்றிலும் பெரியவர் பேசுவது கேட்டால், கம்பெனி பஸ்ஸில் ஒற்றை இயர்போனோடு உட்கார்ந்திருப்பவருக்கும் அது கேட்கும்.